சாவுச் செய்தி வந்த பிறகு பாஸ்போர்ட் தேடலாமா?

இந்தியாவில் சொந்தம் இல்லாத லயம் நம் தோட்டங்களில் குறைவு. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலட்சக்கணக்கானோர் கப்பலேறிப் போனார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் நம்மோடு உறவு வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து ஒரு நாள் போன் வரும். "பெரியப்பா தவறிட்டார், உடனே வாங்க" என்பார்கள். போக மனம் துடிக்கும். கையில் பாஸ்போர்ட் இருக்காது.

நாள் கணக்கைப் பாருங்க

இந்தியாவுக்குப் போக விசா வேண்டும். இணையம் மூலம் எடுக்கும் ஈ-விசாவுக்கு, போய் இறங்கும் நாளுக்குக் குறைந்தது 4 நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே நல்லடக்கத்துக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் முடியாத காரியம். ஆனால் பாஸ்போர்ட் தயாராக இருந்தால் பதினாறாம் நாள் கருமாதிக்குப் போய்விடலாம். அது இல்லையென்றால் கருமாதியும் கைநழுவும்.

பத்தரமுல்லையில் ஒரு நாள் சேவை இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அதற்குக் கட்டணம் அதிகம். 2024இல் பாஸ்போர்ட் புத்தகத் தட்டுப்பாடு வந்தபோது மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை நாம் பார்த்தோம். பத்திரங்களில் பிழை இருந்தாலோ ஒரு நாள் சேவையும் உதவாது.

பெயர் ஒன்றாக இருக்கிறதா?

நம் மக்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'ராமாயி', அடையாள அட்டையில் 'ராமாய்'. தகப்பன் பெயர் ஒன்றில் பெருமாள், மற்றதில் பெரியசாமி. பிறந்த திகதியும் மாறியிருக்கும்.

இன்றைக்கே இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்க. வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் காட்டி, பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பம் போடுங்க. பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே கேட்கலாம். இதற்கெல்லாம் மாதக் கணக்கில் போகலாம். சாவு வீட்டு அவசரத்தில் முடிகிற வேலை இல்லை.

ஒரே பைலில் போட்டு வைங்க

1. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டையின் பிரதி.

2. புருஷன் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண்களுக்குத் திருமணச் சான்றிதழ்.

3. பாஸ்போர்ட். இந்தியாவுக்குப் போகும்போது அதில் குறைந்தது 6 மாதத் தவணையும் 2 வெற்றுப் பக்கமும் மிச்சமிருக்க வேண்டும்.

4. அங்குள்ள சொந்தக்காரரின் முழுப்பெயர், விலாசம், பின்கோடு, போன் நம்பர். விசா விண்ணப்பத்தில் இதைக் கேட்பார்கள். "குன்னூர் மாமா" என்று எழுத முடியாது.

5. பிரஷர், சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்களின் கிளினிக் அட்டை.

பிள்ளையைக் கூட்டிப் போவதென்றால் பிள்ளைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். அதற்குத் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் தேவை. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளில் இதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

எல்லாருக்கும் எடுக்க வசதி இல்லையா? வீட்டுக்கு ஒருவருக்காவது எடுத்து வைங்க. குடும்பத்தின் சார்பில் ஒருவர் போய் நின்றாலே பெரிய ஆறுதல்.

போன் வந்த பிறகு

விசா விண்ணப்பத்தை இந்திய அரசாங்கத்தின் இணையத்தளத்தில் மட்டும் போடுங்க. அதன் விலாசம் 'ஜி.ஓ.வி. டொட் ஐ.என்.' என்று முடியும். அதே போலத் தோற்றம் காட்டிக் காசு பிடுங்கும் தளங்கள் பல உண்டு. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்க. மூலப் பத்திரங்களைத் தரகரிடம் விட்டுவிட்டு வராதீங்க. விசா கிடைத்த பிறகே டிக்கெட்டுக்குக் காசு கட்டுங்க.

தோட்ட அலுவலகத்தில் லீவை எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்க. திருச்சியில் இறங்கினாலும், நீலகிரிக்குக் கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம் வழியாக மறுபடி மலை ஏற வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்க. மாத்திரைகளைக் கைப்பையில் வைங்க. முன்பின் தெரியாதவர் தரும் பார்சலை வாங்காதீங்க. சொந்தம் பார்க்கத் தந்த விசாவில் அங்கே வேலை செய்யக் கூடாது. குறித்த நாளுக்குள் திரும்பிவிட வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பத்திரங்களை வெளியே எடுங்க. முதலில் பெயர்களைப் பாருங்க.