சிறுசில்லுத் துவிச்சக்கரவண்டிகளைப் புதுக்கல்

துவிச்சக்கரவண்டியின் சில்லுப் பெரிதாயிருத்தலே நன்று என்பது நெடுங்காலக் கொள்கை. அதனை அசைத்தவர் ஆங்கிலப் பொறியியலாளர் அலெக்ஸ் மோல்ற்றன். அவர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட வண்டியின் சில்லு 16 அங்குலமே. சிறுசில்லு குழிதோறும் துள்ளும் என்னுங் குறையை இறப்பர் வில்லமைப்பினால் நீக்கி, காற்றழுத்தம் மிக்க ஒடுங்கிய ரயரினால் ஓட்டத்தை விரைவாக்கினார். 1965இல் றலி நிறுவனம் வெளியிட்ட போட்டி வண்டியோ, வில்லமைப்பின்றிப் பருத்த ரயரையே நம்பியது. தார்வீதியில் அது மந்தமாயிற்று.

ஆயினும், மந்தமென இகழப்பட்ட அப்பருமனே மணலிற் பயன்தருவது. கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூர் போன்ற ஊர்களின் மணற்பாதையில் ஒடுங்கிய ரயர் கீறிப் புதையும்; அகன்றது மேலே செல்லும். ஆதலின் பழைய வண்டியைப் புதுக்குவோன், அது ஓடப்போகும் நிலம் யாதென முதலில் வினவுதல் வேண்டும்.

இன்று பெரிதும் புதுக்கப்படுவது, 1960களின் பிற்பகுதியில் வந்த றலி ‘ருவென்ரி’ வண்டியாகும். அதன் உருக்கு றிம் நனைந்தபோது பிறேக்குக்கு நன்கு பிடிகொடாது. ரயர் அமரும் விட்டம் 451 மில்லிமீற்றரான அதனை அகற்றி, 406 மில்லிமீற்றர் அலுமினிய றிம் பூட்டுவர். அகன்ற ரயர் இவ்வளவிலேயே எளிதிற் கிடைக்கும். ஆனால் றிம்மின் விளிம்பு 22.5 மில்லிமீற்றர் உள்வாங்குமாதலால், பழைய பிறேக்குக் கட்டைகள் அதனை எட்டாமல் ரயரை உரசும். நீண்ட கையுடைய பிறேக்கு இன்றேல் இம்மாற்றம் உயிர்க்கே கேடு. வர்ணப்பூச்சின் மினுக்கத்தில் மயங்குவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

கடற்காற்றிற் கம்பிகள் விரைவில் துருவேறும். அவற்றைத் தேய்த்து மினுக்குவதினும், துருப்பிடியா உருக்குக் கம்பிகளைப் புதிதாகக் கோத்தலே தக்கது. இருக்கைத்தண்டு சட்டகத்துள் இறுகிவிடாதிருக்க, பூட்டுமுன் கிறீஸ் தடவுதலும் வேண்டும்.