மாய் டாய்
ஓக்லாந்து, கலிபோர்னியா, 1944

‘டிரேடர் விக்’ எனப் பெயர் பெற்ற விக்டர் பெர்ஜரன் தம் மதுக்கூடத்தில் உருவாக்கிய பானம். ஜமைக்காவின் 17 ஆண்டு முதிர்ந்த ரம்முடன் எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு குராசாவ், பாதாம் சர்பத், கற்கண்டுப் பாகு சேர்த்து, நொறுக்கிய பனிக்கட்டி போட்டுக் குலுக்கினார். சாறு பிழிந்த எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, அருகே புதினாக் கொத்தைச் செருகினால், ஒற்றைத் தென்னை நிற்கும் குட்டித் தீவு போலத் தெரியும். முதலில் சுவைத்தவர்கள் டஹீட்டியிலிருந்து வந்திருந்த நண்பர்கள். 1953இல் ஹவாய்க்குப் போன மாய் டாயில் பின்னர் அன்னாசிச் சாறும் சேர்ந்தது.

மாய் டாய் பரிமாறப்படும், பசிபிக் தீவுப் பாணியிலான ‘டிக்கி’ மதுக்கூடங்களின் மூங்கில் தட்டிகளும் மரச்சிலைகளும் அத்தீவுகளை நினைவூட்டுபவை. ரம்மோ கரீபியக் கரும்பின் கொடை. அந்த ரம்மின் மணத்தை அமுக்கிவிடாமல் எழச் செய்வதே நல்ல மாய் டாய்.