பொருநைக் கரையோரம் ஒரு நாள்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் குழாயிலிருந்து என்று சொல்லும் வயதை நாங்கள் கடந்துவிட்டோம். தாமிரபரணியிலிருந்து என்போம். தாமிரபரணி எங்கிருந்து வருகிறது என்றால் பொதிகை மலையிலிருந்து என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்வோம். ஆனால், மழையே பெய்யாத மாதங்களிலும் அந்த மலையிலிருந்து தண்ணீர் எப்படி இறங்கி வருகிறது என்று சிஸ்டர் வகுப்பில் கேட்டபோது, 41 பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். “சரி, நடந்து போய்ப் பார்ப்போம்” என்றார் சிஸ்டர். எங்கள் பாபநாசப் பயணம் இப்படித்தான் பிறந்தது.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், விடியும் முன்பே பாளையங்கோட்டையிலிருந்து பேருந்து புறப்பட்டது. பவுடர் பூசக் கூடாது, பிச்சிப்பூ வைக்கக் கூடாது என்பது முதல் நாளே இட்ட கட்டளை. காட்டில் யானை, கரடி முதலியவை மனிதர்களைக் கண்ணால் காண்பதற்கு முன் மூக்கால் கண்டுகொள்ளுமாம். இருந்தாலும் பேருந்துக்குள் பவுடர் வாசனை வந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம். அம்பாசமுத்திரம் தாண்டியதும் இரு புறமும் பிசான நெல் கதிர் வாங்கி நின்றது. தென்மேற்குப் பருவ மழையில் கார் சாகுபடி, வடகிழக்குப் பருவ மழையில் பிசான சாகுபடி என்று இரண்டு மழையையும் வாங்கிக்கொள்ளும் ஆறு எங்களுடையது. பொதிகையின் உச்சியான அகத்தியர் கூடம் 1,868 மீட்டர் உயரம். மேற்கிலிருந்து வரும் மேகமும் கிழக்கிலிருந்து வரும் மேகமும் அந்த மலைகளில் மோதித்தான் ஆக வேண்டும். அங்கே பிறந்து ஏறக்குறைய 128 கிலோ மீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே பொருநை கடலில் சேருகிறது.

சோதனைச் சாவடியில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்து, பாலித்தீன் உறைகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. 1988இல் இரண்டையும் இணைத்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். ஆகவே நினைத்தபடி உள்ளே நடக்க முடியாது. அனுமதி பெற்று, வனக்காவலர் ஒருவரின் துணையோடுதான் சென்றோம். ஒருவர் பின் ஒருவராக, பேசாமல், முன்னே செல்பவரின் முதுகைப் பார்த்து நடக்க வேண்டும். பேசாமல் நடப்பதுதான் எங்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. ஆனால் கால் மணி நேரம் வாயை மூடியபின் காது திறந்துகொண்டது. தலைக்கு மேலே உலுக்கியது போல ஓர் ஓசை! பார்த்தால் செம்பழுப்பு நிறத்தில் மலையணில் ஒன்று, தன்னைவிட நீண்ட வாலைத் தொங்கவிட்டுக் கிளைக்குக் கிளை தாவியது. அது தரைக்கு அநேகமாக இறங்குவதே இல்லையாம். மரங்கள் நெருங்கி நின்றால்தான் அதற்கு வழி உண்டு. நடுவில் நாலு மரங்களை வெட்டினால் அதன் சாலை அறுந்துவிடும்.

சிஸ்டரின் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைத்தது. வனக்காவலர் அண்ணன் எங்கள் எவர்சில்வர் பாட்டில்களில் இரண்டைக் கேட்டு வாங்கினார். ஒன்றை, பலரும் நடந்து இறுகிப்போன ஒற்றையடிப் பாதையில் கவிழ்த்தார். தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு செந்நிறமாக எங்கள் செருப்பை நோக்கி ஓடி வந்தது. மற்றதை இரண்டடி தள்ளி, மரத்தடிச் சருகின் மேல் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூட ஓடவில்லை. சருகை விலக்கிப் பார்த்தோம். கறுத்த மண், வெண்ணிற வேர்கள், மண்புழு, எறும்பு வளைகள். மண் நனைந்திருந்தது, அவ்வளவுதான். “போன தண்ணி எங்கே, பிள்ளைகளா?” என்று கேட்டுச் சிரித்தார்.

மழைத்துளி நேரே தரையை அடிப்பதில்லை. முதலில் இலைகளில் பட்டு உடைகிறது. பிறகு சருகில் சொட்டுகிறது. சருகின் அடியில் வேர்களும் புழுக்களும் உண்டாக்கிய துளைகள் வழியே உள்ளே இறங்குகிறது. உள்ளே இறங்கிய நீர் பாறை இடுக்குகளில் மெள்ள மெள்ள நகர்ந்து, நாட்கள், மாதங்கள் கழித்து எங்கேயோ ஓர் ஊற்றாகக் கசிகிறது. அந்தக் கசிவுகள் கூடி ஓடை, ஓடைகள் கூடி ஆறு. மரங்களும் தம் பங்குக்குத் தண்ணீர் குடிக்கத்தான் செய்கின்றன. ஆனால் மரமில்லாத மலையில் மழை பெய்த அன்றே வெள்ளம், மறு மாதமே வறட்சி. பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி என்று நீர்மட்டச் செய்தியில் தினமும் கேட்கிறோம். அணைகளுக்கு மேலே இந்தச் சருகுக்கும் ஒரு கணக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

பிறகு பாதை ஆற்றங்கரைக்கு இறங்கியது. வழவழப்பான வெளிறிய பட்டையுடன் நீர்மருத மரங்கள் தண்ணீரில் கால் நனைத்து நின்றன. அவற்றின் காய்க்கு ஐந்து சிறகுகள்; உதிர்ந்தால் மிதந்து போகும். ஆளுக்கொன்று பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ள, அண்ணன் சொல்லித் திரும்பப் போட்டுவிட்டோம். ஒரு பாறையின் மேல் நண்டு ஓடும் மீன் செதிலும் கலந்த எச்சம் கிடந்தது. முகத்தைச் சுளித்தோம். அது நீர்நாய் இட்டதாம். நீர்நாய் இருந்தால் மீன் இருக்கிறது, மீன் இருந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பொருள் என்றார். சுளித்த முகங்கள் குனிந்து உற்றுப் பார்க்கத் தொடங்கின.

மதியம் எலுமிச்சம்பழச் சாதத்தையும் துவையலையும் குரங்குகளிடமிருந்து காப்பாற்றி உண்டோம். மாலையில் கீழே கோயில் படித்துறைப் பக்கம் வந்து சேர்ந்தோம். மேலே அணைகளும் மின் நிலையமும் இருப்பதால் வானம் தெளிவாக இருக்கும்போதே நீர்மட்டம் உயரலாம். ஆகவே முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது, சிஸ்டர் விசில் ஊதினால் உடனே கரையேற வேண்டும் என்பது ஏற்பாடு. நாங்கள் யாரும் மீறவில்லை. அப்படியும் எங்களில் ஒருத்தி முழங்கால் ஆழத்தில் திடீரென்று குப்புற விழுந்தாள். எழ முயன்றாள், முடியவில்லை. மீண்டும் முகம் தண்ணீருக்குள் போயிற்று. அருகில் நின்ற இருவர் தோளைப் பிடித்துத் தூக்க, அண்ணன் பாய்ந்து வந்து காலை விடுவித்தார். அவர் கையில் வந்தது நீண்ட ஒரு வேட்டி. பாறை இடுக்கில் ஒரு முனை சிக்கி, மறு முனை அவள் கணுக்காலில் சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க அதன் பின்னே சேலை, சட்டை, துண்டு என்று வந்துகொண்டே இருந்தன.

நீத்தார் கடன் செய்து நீராடுகிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுச் செல்வது நெடுநாள் வழக்கம். பருத்தித் துணி மட்டும் இருந்த காலத்தில் அது மட்கிப் போயிருக்கும். பாலியஸ்டர் மட்குவதில்லை, கல்லில் மாட்டி, மணல் மூடி, அங்கேயே கிடக்கிறது. டன் கணக்கில் அள்ளியும் தீரவில்லை. நாங்கள் எடுத்த துணிகளைப் பிழிந்து கரையில் குவித்தோம். விசில் ஊதும்வரை குவித்தோம். பிறகு எண்ணிப் பார்த்தார்கள்: 41.

விழுந்தவள் பேருந்தில் யாரிடமும் பேசவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தோம். தாழையூத்துப் பக்கத்திலிருந்து வருகிற அவள் திங்கட்கிழமைதான் சொன்னாள்: சென்ற ஆண்டு அவளுடைய தாத்தா இறந்தபோது, அந்த வீட்டார் துணிகளை விட்டதும் அதே படித்துறையில்தானாம். வீட்டில் ஆச்சியிடம் நடந்ததைச் சொன்னாளாம். ஆச்சி வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ தாத்தா வேட்டியும் அங்கதான் கிடக்குமோ?” என்று மட்டும் கேட்டார்களாம். அடுத்த மாதம் தாத்தாவுக்கு வருஷ திதி வருகிறது. ஈரத் துணியை வீட்டுக்கே கொண்டுவர ஒரு பை தைத்து வைக்கும்படி ஆச்சி சொல்லியிருக்கிறார்கள். தையல் வகுப்பில் அவள் இப்போது அதைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள்.