வெந்நீர் ஊற்றும் வழிப்போக்கர் ஒழுக்கமும்

முன்னுரை

மேற்கு மலைத்தொடரின் கீழைச் சரிவில், போடிநாயக்கனூரை அடுத்து அமைந்த சிற்றூர் பொட்டிபுரம். மேலே ஏலத் தோட்டங்கள், கீழே மானாவாரிக் காடுகள், இடையே கரடுகள். இம்மலையடிவாரத்தில் வாழும் நமக்கு ஊற்று நீர் என்றால் அது குளிர்ந்த நீரே. அருவியையும் சுனையையும் குறிஞ்சி நிலத்து நீராக நம் பொருளிலக்கண நூலார் வகுத்தனர். நிலத்தினின்று தானே வெந்து வரும் நீருக்கு அக்கருப்பொருள் வரிசையில் இடமில்லை. பெயர்பெற்ற வெந்நீர் ஊற்று எதுவும் நம் மலைகளில் இல்லாமையே இதற்குக் காரணமாகலாம்.

ஆயினும் தமிழ் வழங்கும் நிலம் தமிழ்நாட்டோடு முடிவதன்று. கடலைக் கடந்து திருகோணமலைக்குச் சென்றால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் காணலாம். வடக்கே சென்றால் இராசகிருகத்து ஊற்றுகள் உள்ளன. கிழக்கே சென்றால் வெந்நீரையே வாழ்வாகக் கொண்ட சப்பானியச் சிற்றூர்கள் உள்ளன. இந்நீர் பிறக்கும் முறையையும், மக்கள் அதனைப் பொதுவில் பேணும் நெறியையும், அவ்வூர்களுக்குச் செல்லும் வழிப்போக்கர் கைக்கொள்ள வேண்டிய ஒழுக்கத்தையும் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெந்நீர் பிறக்கும் முறை

பூமியின் உள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகும். நிலப்பகுதிகளில் பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பம் உயரும் என்பர். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்கி, அவ்வெப்பத்தை ஏற்று, வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலேறினால் வெந்நீர் ஊற்றாகிறது. மெல்ல ஏறும் நீர் வழியிலேயே ஆறிவிடும். ஊற்று நீர் மேலெழுவது ஏன் என்னும் வினாவிற்கு, அந்நீர் வந்து சேரும் மூலம் ஊற்றுவாயினும் உயரத்தில் இருப்பதே காரணம் என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிஞர் அல்பிரூனி விளக்கியிருப்பது நினைவுகூரத்தக்கது.

எரிமலை நாடுகளில் இவ்வளவு ஆழம் செல்ல வேண்டுவதில்லை. அங்கு நிலத்திற்கு அணித்தாகவே பாறைக்குழம்பின் வெப்பம் உள்ளது. சப்பானில் ஏறத்தாழ 27,000 ஊற்றுவாய்கள் இருப்பதற்கு இதுவே தலையாய காரணம். இலங்கையின் ஊற்றுகள் எரிமலையைச் சாராதவை. பாறைப் பிளவுகளையே நம்பியவை.

இங்கு நம் பொட்டிபுரத்தை நினைத்தல் வேண்டும். இவ்வூரை ஒட்டிய மலை சார்னோகைட் என்னும் மிகப் பழைய, உறுதியான பாறையால் ஆனது. சென்னைப் பரங்கிமலையிலும் இவ்வினப் பாறையே உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இட்ட கல் இவ்வகையினதாதலின் 1893-இல் தாமஸ் ஹாலந்து இப்பெயரை இட்டார். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கு நம் மலை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, நாற்புறமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனமுள்ள திண்ணிய பாறை இங்குக் கிடைத்ததும் காரணமாகும். 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை அத்திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. மலையும் நீரும் என்னாகுமோ என்று அடிவாரத்து மக்கள் எதிர்த்தனர். 2022-இல் தமிழ்நாடு அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

இலங்கையின் நடுவிலுள்ள உயர்நிலத்திலும் இச்சார்னோகைட்டு மிகுதி. பண்டு கோண்டுவானா என்னும் பெருநிலத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் ஒட்டியிருந்தன என்பது நிலவியலார் துணிபு. அவ்வாறாயின், நம் மலையும் அவர் மலையும் ஒருதாய் மக்கள் எனலாம். அங்கே உயர்நிலப் பாறைத் தொகுதியும் விஜயன் பாறைத் தொகுதியும் கூடும் எல்லையை ஒட்டி ஆழ்ந்த பிளவுகள் உண்டு. இலங்கை வெந்நீர் ஊற்றுகளுள் பலவும் அவ்வெல்லையை ஒட்டியே அமைந்துள்ளன. பாறை ஒரே வகையினதாயினும், ஆழத்து வெப்பத்தை மேலே கொணரும் வழி வாய்த்தால்தான் வெந்நீர் கிட்டும்.

கன்னியாவின் ஏழு கிணறுகள்

திருகோணமலை நகரினின்று அநுராதபுரம் செல்லும் வழியில் சில கல் தொலைவில் கன்னியா உள்ளது. மதிலால் சூழப்பட்ட சிறிய வளாகத்துள், சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு கிணறுகள் அருகருகே அமைந்துள்ளன. அவை ஆழமற்றவை, தெளிந்த நீரின் வழியே அடித்தளம் தெரியும். ஒரு கிணற்றிற்கும் அடுத்ததற்கும் வெப்பம் சிறிது வேறுபடுதல் காண்போரை வியப்பிலாழ்த்துவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டென்னன்ட் இவ்வூற்றுகளைத் தம் நூலில் குறித்துள்ளார்.

இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் செய்தற்பொருட்டு நிலத்தில் ஏழிடத்துக் குத்த, ஏழு ஊற்றுகள் எழுந்தன என்பது அப்பகுதித் தமிழரிடையே வழங்கும் கதை. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. எனினும், இறந்தோர்க்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கிற்குச் சைவத் தமிழர் இங்கு வருதல் நெடுநாளைய வழக்கம். துயருற்றோர் வந்து உடல் நனைத்து ஆறுதல் பெறும் இடமாகவே கன்னியா அவர் நெஞ்சில் நிற்கிறது.

இங்கு யாரும் கிணற்றுள் இறங்குவதில்லை. வாளியால் முகந்து, வெளியே நின்று, தலையில் வார்த்துக் கொள்வர். பயன்பட்ட நீர் கிணற்றுக்குத் திரும்புவதில்லை. இதனால் அடுத்து வருவோர்க்கும் தூய நீரே கிடைக்கிறது. எழுதாச் சட்டமாக அமைந்த இவ்வழக்கத்தின் நுட்பம் போற்றத்தக்கது.

ஆனால் நீரைப் பங்கிட்ட மக்களுக்கு, நீர் சூழ்ந்த நிலத்தைப் பங்கிடுவது எளிதாக இல்லை. இவ்விடம் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. அங்கிருந்த பிள்ளையார் கோயில் மேட்டில் புத்த தூபி எழுப்பும் முயற்சியை எதிர்த்து 2019 சூலையில் தமிழர் திரண்டனர். அதே மாதத்தில் திருகோணமலை மேல் நீதிமன்றம் அப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. பலரும் தமதென எண்ணும் ஊற்றை ஒருவருக்கே உரியதாக்க முனைந்தால் ஊரின் அமைதி குலையும் என்பதற்கு இது சான்றாகும்.

இராசகிருகத்து ஊற்றுகள்

பெருங்கதையின் மகத காண்டத்தைப் பயின்ற நம் மாணவர்க்கு இராசகிரியம் என்னும் நகர் புதிதன்று. அதுவே இன்று பீகாரில் இராச்கீர் எனப்படுவது. அங்குள்ள வெந்நீர் ஊற்றுகள் புத்தர் காலத்திலேயே புகழ்பெற்றவை. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கும் அவற்றைக் குறித்துள்ளார்.

விநய பிடகத்தில் ஒரு செய்தி உண்டு. தபோதம் என்னும் அவ்வூற்றில் தலைமுழுகப் பிம்பிசார மன்னன் வந்தான். உள்ளே துறவியர் நீராடிக்கொண்டிருந்தனர். அவர்களை எழுப்ப விரும்பாது மன்னன் காத்து நின்றான். இருட்டும் வரை அவர்கள் வெளிவரவில்லை. மன்னன் நீராடி முடிப்பதற்குள் நகர வாயில் அடைக்கப்பட்டது. அவன் இரவைப் புறத்தே கழித்தான். இதனை அறிந்த புத்தர், துறவியர் அரைத்திங்களுக்கு ஒருமுறைக்கு மேல் நீராடலாகாது என விதித்தார். வெயிற்காலம், நோய், வேலை, வழிப்பயணம் முதலியவற்றுக்கு விலக்கும் அளித்தார். அரசனே வரிசையில் நின்றான் என்பதும், நெடுநேரம் நீரில் கிடந்தவர்மீதே விதி பாய்ந்தது என்பதும் நோக்கத்தக்கன.

அதே மலையடிவாரத்தில் மக்தூம் குண்டம் என்னும் ஊற்றும் உள்ளது. மனேர் என்னும் ஊரிற் பிறந்த சூஃபிப் பெரியார் மக்தூம் ஷரபுத்தீன் அஹ்மத் யஹ்யா மனேரி (மறைவு 1381) இங்குள்ள காட்டில் பல்லாண்டுகள் தனித்துத் தவமிருந்தார். அவர் எழுதிய நூறு மடல்கள் பாரசீக மொழியில் புகழ்பெற்ற தொகுப்பாகும். அவர் தங்கிய குகையறையும் அதன் அருகே சுரக்கும் வெந்நீரும் இன்றும் மக்களால் நாடப்படுகின்றன. பௌத்தரும் சமணரும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே மலையின் வெப்பத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஊர் இராசகிருகம்.

கினோசாகி: ஊரே ஒரு விடுதி

சப்பானில் வெந்நீர் ஊற்றை ‘ஒன்சென்’ என்பர். 1948-ஆம் ஆண்டின் சட்டப்படி, ஊற்றுவாயில் 25 பாகையேனும் வெப்பமுடைய நீர், அல்லது குறித்த 19 பொருள்களுள் ஒன்றையேனும் உரிய அளவில் கொண்ட நீரே அப்பெயர்க்குரியது. தங்கும் விடுதிகளோடு கூடிய இத்தகைய ஊர்கள் மூவாயிரத்திற்குச் சற்றுக் குறைவாக உள்ளன. அவற்றுள் ஹியோகோ மாநிலத்துக் கினோசாகி நம் ஆய்விற்குப் பெரிதும் பொருந்துவது. கன்னியாவில் ஏழு கிணறுகள் போன்று, இங்கு ஏழு பொதுக் குளியல் இல்லங்கள் உள்ளன.

சிறிய வாய்க்காலின் இருமருங்கும் மரங்கள். அவற்றைக் கடக்கக் கல் பாலங்கள். விடுதியில் தங்குவோர் பருத்தி அங்கியும் மரச்செருப்பும் அணிந்து ஓர் இல்லத்தினின்று மற்றோர் இல்லத்திற்கு நடந்து செல்வர். புகைவண்டி நிலையமே வாயில், தெருக்களே தாழ்வாரம், விடுதிகளே அறைகள், பொது இல்லங்களே குளியலறை என்று ஊரார் தம் ஊரை ஒரே வீடாகக் கருதுவர். 1925 மே மாத நிலநடுக்கத்தில் ஊர் அழிந்தபோது, மக்கள் கூடி அதனை மீண்டும் எழுப்பினர்.

இவ்வொற்றுமைக்கும் சோதனை வந்தது. வெந்நீர் பொது இல்லங்களில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்பது ஊர் வழக்கம். 1927-இல் ஒரு விடுதியார் தம் கட்டடத்துள்ளேயே வெந்நீர்க் குளியலை அமைத்தனர். ‘என் நிலத்தில் ஊறும் நீர் எனதே’ என்பது ஒரு கட்சி. ‘நிலத்தடி நீர் ஊரார்க்குப் பொது’ என்பது மறுகட்சி. வழக்கு நீதிமன்றம் ஏறியது. இருபதாண்டுகளுக்கு மேல் நீண்டது. 1950-இல் சமரசம் ஏற்பட்டது. நீர் பொதுச் சொத்தாகக் கொள்ளப்பட்டது. விடுதிகளுக்கு அளவோடு பங்கிடப்பட்டது. கண்மாய் மடையில் முறைவைத்துப் பாய்ச்சும் நம் உழவர்க்கு இத்தீர்ப்பின் பொருள் எளிதில் விளங்கும்.

ஊர்க் கதையொன்றும் சுவையானது. காலில் காயமுற்ற நாரை ஒன்று நீரில் நின்று குணம் பெற்றதைக் கண்டு ஓர் ஊற்றைக் கண்டறிந்தனராம். அப்பெருநாரை சப்பானியக் காடுகளில் 1971-இல் அற்றுப்போயிற்று. கினோசாகியைத் தன்னுள் கொண்ட டொயோஓகா நகரத்தார் அதனை வளர்த்து, வயல்களில் நஞ்சு மருந்தைக் குறைத்து, 2005-இல் மீண்டும் வானில் விட்டனர். கதையில் வந்த பறவைக்கும் ஊரார் கடன் செலுத்தினர்.

வழிப்போக்கர் அறிய வேண்டுவன

சப்பானியக் குளியலுக்கு முதல் விதி, நீரில் இறங்கும் முன்னரே உடலைக் கழுவுதல். சிறு மணையில் அமர்ந்து, சோப்பிட்டுத் தேய்த்து, முழுதும் அலசிய பின்னரே தொட்டியுள் இறங்குவர். தொட்டி அழுக்குப் போக்கும் இடமன்று. உடல் ஆறும் இடம். சோப்பும் துண்டும் அந்நீரில் படலாகா. நீந்துதலும் உரக்கப் பேசுதலும் இல்லை. கன்னியாவில் வெளியே நின்று வார்ப்பதும், இங்கே கழுவிய பின் இறங்குவதும் முறையால் வேறாயினும் கருத்தால் ஒன்றே: பின்னே வருபவர்க்குத் தூய நீரை விட்டுச் செல்லுதல்.

ஆடவர்க்கும் மகளிர்க்கும் இடம் தனித்தனியே உண்டாயினும், பொது இல்லங்களில் ஆடையின்றியே நீராடுவர். மறைக்க வேண்டியவற்றை மறைத்தல் கடமை எனக் கொண்ட நம் சமயத்தார்க்கு இது ஒவ்வாது. அதன்பொருட்டு அவ்வூர்களைத் துறக்க வேண்டுவதில்லை. குடும்பத்தார் தனித்து நீராடப் பல விடுதிகளில் வாடகைக் குளியலறை உண்டு. தெருவோரத்தில் பாதம் மட்டும் நனைக்கும் தொட்டிகளும் உண்டு. தம் நெறியையும் காத்து, ஊரார் நெறியையும் மதித்தல் இயலும்.

உடல்நலம் பற்றியும் ஒரு சொல். வெந்நீரில் நெடுநேரம் கிடத்தல் குருதியழுத்தத்தைத் தாழ்த்தும். திடுமென எழுந்தால் மயக்கம் வரும். முதியோரும் இதய நோயுடையோரும் மருத்துவரைக் கேட்டே இறங்குதல் நன்று. சில மணித்துளிகள் இருந்து, எழுந்து, நீர் பருகுதல் போதும்.

நம் மலைக்கு வருவோர்

இவையெல்லாம் நமக்கு எதற்கு என வினவலாம். நம் மலையில் வெந்நீர் இல்லை. ஆனால் வழிப்போக்கர் உளர். அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற போடி இரயில் 2023 சூனில் மீண்டும் ஓடத் தொடங்கியது. குரங்கணியையும் போடிமெட்டையும் காண வருவோர் பலர். ஏலக்காய் ஏல மையத்தால் அறியப்பட்ட ஊர், இன்று மலையழகாலும் அறியப்படுகிறது.

மலையின் இயல்பறியாது ஏறுவதன் விளைவை 2018 மார்ச் 11-இல் கண்டோம். குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேற வந்தோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று முதலில் உதவிக்கு ஓடியவர்கள் மலையடிவாரத்து எளிய மக்களே என்பதை நாடு மறத்தலாகாது. வருவோர்க்கு வழி சொல்வதும், எவ்வழி கோடையில் ஆகாது என எச்சரிப்பதும் ஊரார் கடன். அதனைக் கேட்டு நடப்பது வருவோர் கடன்.

ஆற்றுப்படை நூல்கள் இவ்விருவர் உறவையே பாடின. முன்சென்று பயன்பெற்றவன் பின்வருபவனுக்கு வழியும் வழக்கமும் கூறினான். அவ்விலக்கியத்தைப் பயிலும் நம் மாணவர், சுனையில் பாட்டிலும் பையும் எறியாதிருத்தல், பிறர் தோட்டத்துள் புகாதிருத்தல், காட்டில் தீ மூட்டாதிருத்தல், ஊரார் நீரெடுக்கும் நேரத்தில் ஒதுங்கி நிற்றல் ஆகியவற்றைத் தாமும் கடைப்பிடித்துப் பிறர்க்கும் உணர்த்துதல் வேண்டும்.

முடிவுரை

கன்னியாவின் வாளியும், இராசகிருகத்தில் காத்து நின்ற மன்னனும், கினோசாகியின் பொதுநீர்ச் சமரசமும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. நிலம் தரும் நீர் முன்வந்தவனுக்கு மட்டும் உரியதன்று. அடுத்து வருபவனுக்கும் அதில் பங்குண்டு. வெந்நீராயினும் நம் மலைச் சுனையின் தண்ணீராயினும் இந்நெறி மாறாது. இதனை முதியோர் சொல்லித் தரவும் இளையோர் செய்து காட்டவும் முற்படுவாராக.