மாண்ட்வி: ஆற்று மணலில் வளரும் கப்பல்கள்

ஆற்றுப் பாலத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. மாடி வீட்டின் உயரத்துக்கு, விலா எலும்புகள் துருத்திய திமிங்கலத்தைப் போல மணலில் நிற்கிறது ஒரு மரக்கப்பல். சற்றுத் தள்ளி இன்னொன்று. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், புஜ் நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தூரத்தில், ருக்மாவதி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது மாண்ட்வி. இங்கு வருகிறவர்களில் பலர் அரண்மனையைப் பார்த்து, கடற்கரையில் ஒட்டகச் சவாரி செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் தவறவிடுவது இந்த ஆற்றங்கரையை.

16-ம் நூற்றாண்டில் கட்ச் மன்னர் ராவ் கேங்கார்ஜி நிறுவிய ஊர். பம்பாய் தலையெடுக்கும் முன்பே இங்கிருந்து பாய்மரக் கப்பல்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தன. பாய்கள் போய் டீசல் இன்ஜின் வந்துவிட்டது. கட்டும் முறை மட்டும் அதிகம் மாறவில்லை. காகிதத்தில் வரைபடம் என்று எதையும் விரித்து வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை. அளவெல்லாம் தலைமை மிஸ்திரியின் மனதில். முதலில் அடிக்கட்டை, பிறகு விலாச் சட்டங்கள், அதன் மேல் பலகைகள். பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை வைத்து உளியும் சுத்தியலுமாக அடித்து இறுக்குகிறார்கள், தண்ணீர் புகாமலிருக்க. அந்தச் சத்தம் நாளெல்லாம் கேட்கிறது. ஒரு கப்பல் முடிய இரண்டு ஆண்டு, சில சமயம் அதற்கும் மேல். முடிந்ததும் கடல் நீர் நன்றாக ஆற்றுக்குள் ஏறும் நாளுக்காகக் காத்திருந்து வெளியே இழுத்துச் செல்கிறார்கள்.

தூத்துக்குடித் தோணிகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் மறுபாதியும் புரியும். சரக்கைக் கன்டெய்னர் கப்பல்கள் அள்ளிக்கொண்டன. மரத்தின் விலை ஏறிவிட்டது. உளி பிடிப்பதைவிட நிலையான சம்பளம் தரும் வேலையை இளைஞர்கள் விரும்புவதில் வியப்பில்லை. வரைபடம் இல்லாத தொழிலில் ஒரு மிஸ்திரி ஓய்வு பெற்றால் அவரோடு அளவுகளும் போய்விடும்.

அனுமதி கேட்டுவிட்டு அருகே போய்ப் பாருங்கள். காலை நேரம் நல்லது.

மற்றவற்றுக்கு ஒரு நாள் போதும். 1920-களில் கட்டப்பட்ட விஜய் விலாஸ் அரண்மனையை இந்தி சினிமா ரசிகர்கள் உடனே அடையாளம் காண்பார்கள். 1999-ல் வெளியான 'ஹம் தில் தே சுகே சனம்' இங்கே படமானது. மாடியிலிருந்து தெரியும் கடல்தான் உள்ளே இருக்கும் மரச் சாமான்களைவிட அழகு. லண்டனில் 1905-ல் 'இந்தியா ஹவுஸ்' தொடங்கிய புரட்சியாளர் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா பிறந்த ஊரும் இதுவே. 1930-ல் ஜெனீவாவில் இறந்த அவரது அஸ்தி 2003-ல்தான் இந்தியா வந்தது. 2010-ல் திறந்த கிராந்தி தீர்த் நினைவகத்தில் அந்த லண்டன் வீட்டை அப்படியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கட்ச் வெயிலில் செங்கல் நிற லண்டன் வீடு சற்று விசித்திரமாகத்தான் இருக்கிறது.

மாலையில் கடைத்தெருவில் தாபேலி சாப்பிடாமல் வராதீர்கள். பன்னுக்குள் உருளைக்கிழங்கு மசாலா, புளிச் சட்னி, வறுத்த வேர்க்கடலை, மாதுளை முத்து. இன்று மும்பை வரை விற்கும் இந்தப் பண்டம் பிறந்தது மாண்ட்வியில் என்கிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். புஜ்ஜிலிருந்து பஸ் உண்டு.