பொன் பிரிக்கும் பாதரசம்



தமிழகத்தின் நீலகிரி மாவட்டத்தில், கூடலூருக்கு அருகே, தேவாலா, பந்தலூர் என்னும் ஊர்கள் உள்ளன. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களினின்று திரும்பிய குடும்பங்கள் பலவும் அவ்வட்டாரத்தில் வாழ்கின்றன. பாலோ தோட்டப்புறத்தவராகிய நமக்கு அவர்தம் வாழ்க்கை புதிதன்று.

1880-ஆம் ஆண்டையொட்டி, அம்மலைகளில் பொன் உண்டெனக் கேள்வியுற்று, இலண்டனில் பல கம்பெனிகள் தோன்றின. சில ஆண்டுகளிலேயே நொடித்து மறைந்தன. குழிகள் எஞ்சின. அவற்றில் அனுமதியின்றி இறங்குவோர் இக்காலத்தும் உளர். மண் சரிந்து மாண்டோரும் உளர்.

கல்லை இடித்துப் பொடியாக்கி நீரில் அலசுவர். அதிலுள்ள பொற்றுகள் மிக நுண்ணியவை. ஆதலால் பாதரசம் சேர்த்துப் பிசைவர். அது மணலை விடுத்துப் பொன்னைப் பற்றிக்கொள்ளும். அக்கட்டியைத் துணியிலிட்டுப் பிழிந்து தீயில் காய்ச்சுவர். பாதரசம் 357 பாகை செல்சியசில் ஆவியாகும். பொன் உருகவோ 1,064 பாகை வேண்டும். ஆகவே பொன் தங்கிவிடும். செலவு குறைந்த முறை. உலகெங்கும் ஏழைகள் இதனை நாடுவதும் அதனாலேயே.

அவ்வாவிக்கு நிறமில்லை, மணமுமில்லை. காய்ச்சுபவர் சுவாசிக்கிறார், வீட்டுக்குள் காய்ச்சினால் குழந்தையும் சுவாசிக்கும். கை நடுக்கமும் மறதியும் சிறுநீரகக் கோளாறும் பின்னர் வரும். எஞ்சிய பாதரசம் மழைநீரோடு ஓடையில் இறங்கும். அப்பக்கத்து ஓடைகள் சில சாலியாற்றில் கலந்து அரபிக் கடலை அடைகின்றன. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அந்நஞ்சு சிறு மீனில் சேரும். சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் பன்மடங்காகும்.

ஜப்பானின் மினமாத்தாவில் 1956-இல் கண்டறியப்பட்ட நோய் இந்நஞ்சால் வந்ததே. அங்கே காரணம் தொழிற்சாலைக் கழிவு. தாய் நலமாகத் தோன்றியபோதும், மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தன. அவ்வூர்ப் பெயரால் 2013-இல் ஏற்கப்பட்ட உலக உடன்படிக்கை, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. 2015-இல் மனிதச் செயல்களால் காற்றில் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 டன்; அதில் 38 விழுக்காடு சிறு பொற்சுரங்கங்களினது.

குழியில் இறங்குபவனைப் பழித்தல் எளிது. கூலி போதாமல் இறங்குபவனைவிட, அவனிடம் பொன்னை மலிவாக வாங்கிச் செல்பவனையே நாம் முதலில் கேட்க வேண்டும்.

கடலுக்கு எல்லைக்கோடு இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். சுறாவோ பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெரிய மீன். கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் அதனைத் தவிர்க்கவேண்டும் என்பது மருத்துவர் அறிவுரை. மத்தியிலும் நெத்திலியிலும் பாதரசம் மிகக் குறைவு, விலையும் குறைவு.