உறைந்த நதிதான் சாலை! ஜான்ஸ்கர் 'சாதர்' பயணம் ஏன் இவ்வளவு ஆபத்து? போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஜனவரி பிறந்தாலே இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ சுற்ற ஆரம்பித்துவிடும். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. நடுவில் கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும் ஆறு. அதன் மேல் முதுகில் பையோடு வரிசையாக நடந்து போகும் ஆட்கள். லடாக்கின் 'சாதர் ட்ரெக்' என்று சொல்வது இதைத்தான். "அடுத்த வருஷம் நாமளும் போறோம்டா" என்று அந்த வீடியோவை நண்பர்கள் குரூப்பில் தட்டிவிடுபவர்கள் ஏராளம்.

ஆனால் இந்தப் பாதை சுற்றுலாவுக்காக உருவானது கிடையாது. குளிர்காலத்தில் வெளியேற வேறு வழியே இல்லாத மக்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பாதை. இன்று அதே பள்ளத்தாக்கில் தார்ச்சாலை வந்துகொண்டிருக்கிறது. ஆறு ஏன் உறைகிறது, எப்போது ஏமாற்றும், சாலை வந்தால் யாருக்கு லாபம், போக நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஜான்ஸ்கர் எங்கே இருக்கிறது?

லடாக் யூனியன் பிரதேசத்தின் தென்மேற்குப் பகுதியில், உயர்ந்த மலைத்தொடர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பள்ளத்தாக்குதான் ஜான்ஸ்கர். முக்கிய ஊர் பதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே வசிப்பவர்கள் சுமார் 14 ஆயிரம் பேர்தான். பெரும்பாலும் பௌத்தர்கள். பதும் ஊரில் இஸ்லாமியக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். கார்கில் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதியைத் தனி மாவட்டமாக்கும் அறிவிப்பை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்டது.

பதும் ஊருக்கு நீண்ட காலமாக இருந்த ஒரே வாகனச் சாலை, கார்கிலில் இருந்து வரும் சுமார் 240 கி.மீ. தூரப் பாதை. அது சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பென்சி லா கணவாயைக் கடந்து வரவேண்டும். லடாக்கி மொழியில் 'லா' என்றாலே கணவாய்தான். பனிப்பொழிவு தொடங்கிவிட்டால் கணவாய் மூடிவிடும். அதன் பிறகு பல மாதங்களுக்கு அந்த வழியாக யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது.

அப்போ ஆறு எப்படி சாலை ஆச்சு?

பள்ளத்தாக்கில் இருந்து கிளம்பும் ஜான்ஸ்கர் ஆறு, ஆழமான மலை இடுக்கு வழியாக ஓடி, லே நகருக்கு அருகே நிம்மு என்ற இடத்தில் சிந்து நதியுடன் கலக்கிறது. கோடையில் இந்த இடுக்கில் நடக்கவே முடியாது. தண்ணீர் அவ்வளவு வேகம். குளிர்காலத்தில் கதை தலைகீழ். வெப்பநிலை மைனஸ் 20, சில இரவுகளில் மைனஸ் 30 டிகிரி வரை இறங்க, ஆற்றின் மேல் ஐஸ் படர்கிறது. கணவாய்கள் எல்லாம் மூடிக் கிடக்கும் அந்த நேரத்தில், திறக்கும் ஒரே கதவு ஆறுதான்.

இந்த ஐஸ் பரப்பைத்தான் 'சாதர்' என்கிறார்கள். இந்தியிலும் உருதுவிலும் போர்வை, விரிப்பு என்று பொருள்.

ஜான்ஸ்கர் மக்கள் இந்தப் போர்வை மேல் நடந்துதான் தங்கள் வெண்ணெயை லே சந்தைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பும்போது வீட்டுக்குத் தேவையான சாமான்களைச் சுமந்து வந்தார்கள். லே நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை, குளிர்கால விடுமுறைக்குப் பிறகு அப்பாக்கள் இந்த வழியாகத்தான் கூட்டிப் போனார்கள். பகலெல்லாம் நடை, இரவில் கரையோரக் குகையில் சுள்ளி மூட்டிக் குளிர் காய்ந்து தூக்கம் என்று பல நாட்கள் போகும். நமக்கு ட்ரெக்கிங் என்பது, அவர்களுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போவது மாதிரியான விஷயமாக இருந்தது.

ஓடுற ஆறு எப்படி உறையுது?

ஏரியோ குளமோ உறைவதற்கும் வேகமாக ஓடும் ஆறு உறைவதற்கும் வித்தியாசம் உண்டு. ஆற்றில் முதலில் கரையோரம்தான் ஐஸ் கட்டும். அங்கே தண்ணீர் மெதுவாக ஓடுவதே காரணம். நடு ஆற்றில் தண்ணீர் உறைநிலைக்கு வந்ததும், ஊசி ஊசியாகச் சின்ன ஐஸ் துகள்கள் உருவாகும். அவை ஒன்றோடு ஒன்று ஒட்டி, தட்டுத் தட்டாக மிதந்து வந்து, வளைவுகளிலும் குறுகலான இடங்களிலும் சிக்கிக்கொள்ளும். இரவுக் குளிரில் அந்த இடைவெளிகளும் உறைந்து, கரைக்குக் கரை ஒரு மேடை மாதிரி ஆகிவிடும்.

கவனிக்க வேண்டியது, அந்த மேடைக்குக் கீழே ஆறு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அதனால் ஐஸின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்று போல இருக்காது. வேகம் குறைந்த இடத்தில் லாரியே நிற்கலாம் போலத் தோன்றும். பத்தடி தள்ளி, ஓர் ஆளின் எடையைக்கூட அது தாங்காது.

பனி கொட்டினால் நல்லதுதானே?

அதுதான் இல்லை. ஐஸ் மேல் விழும் பனி, கம்பளி மாதிரி வேலை செய்யும். வெளியே இருக்கும் கடுங்குளிரை ஐஸ் வரை போகவிடாமல் தடுத்துவிடும். அதனால் ஐஸ் தடிமனாவது குறையும். கூடவே விரிசல்களையும் மூடி மறைத்துவிடும்.

மேகமூட்டமும் வில்லன்தான். வானம் தெளிவாக இருக்கும் இரவில் நிலத்தின் வெப்பம் மேலே வெளியேறிவிடும். குளிர் கூடும், ஐஸ் இறுகும். மேகம் சூழ்ந்தால் வெப்பம் தங்கிவிடும், ஐஸ் இளகும். உடம்பு நடுங்கும் அளவுக்குத் தெளிவான இரவு அமைந்தால், மறுநாள் நடைக்கு நல்ல சகுனம் என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உடைந்த ஐஸ் பாளங்கள் கீழே எங்காவது அடைத்துக்கொண்டால், தண்ணீர் தேங்கி ஐஸ் மேலேயே ஏறி ஓடும். அப்போது முழங்கால் வரை அந்த நீரில் இறங்கி நடக்க வேண்டும், அல்லது பக்கத்துப் பாறையில் தொற்றி ஏறிக் கடக்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் காத்திருப்பது மட்டுமே வழி.

இதுவரை என்ன நடந்திருக்கு?

2014 டிசம்பர் கடைசியில், ஜான்ஸ்கரின் துணை ஆறான சராப் ஆற்றில், புகழ்பெற்ற புக்தல் மடாலயம் இருக்கும் பகுதியில், பெரிய நிலச்சரிவு ஏற்பட்டு ஆறே அடைபட்டது. பின்னால் ஒரு பெரிய ஏரி உருவானது. எப்போது உடையும் என்று தெரியாத நிலையில், அந்தக் குளிர்காலத்தில் சாதர் பயணம் நிறுத்தப்பட்டது. 2015 மே மாதம் அந்த அடைப்பு உடைந்து வெள்ளம் பாய்ந்ததில் பல பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன.

2020 ஜனவரியில், ஐஸ் உடைந்து தண்ணீர் ஏறியதால் நேரக் கிராமப் பகுதியில் சிக்கிக்கொண்ட பயணிகளை விமானப்படை ஹெலிகாப்டர்கள் மீட்டன. வெளிநாட்டினரும் அதில் இருந்தார்கள். கையில் பணமும் அனுபவமும் இருந்தாலும், ஆறு வழிவிடவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

உயரம் என்ன செய்யும்?

சாதர் போகிறவர்கள் முதலில் சந்திக்கும் ஆபத்து ஆறு கிடையாது, லே விமான நிலையம்தான். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் ஏறிப் பார்க்கும் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த உயரத்தில் போய் இறங்கிவிடுவோம். உடம்புக்குப் பழக அவகாசமே கிடைக்காது.

உயரம் போனால் காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் குறையாது. எங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லே உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் அந்த அளவுக்குக் குறைவு.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, அசதி ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். ஓய்வெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது போன்றவை வந்தால் அது அவசர நிலை. நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து அது. உடனே உயரம் குறைந்த இடத்துக்கு இறங்குவதுதான் முதல் சிகிச்சை.

சாதர் பாதையில் அப்படிச் சட்டென்று இறங்கிவிட முடியாது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். வந்த வழியே சாலை வரைக்கும் ஐஸ் மேல் நடந்துதான் திரும்ப வேண்டும். அதனால்தான் லே நகரில் சில நாட்கள் தங்கி, மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்களை மட்டும் அனுப்பும் நடைமுறை இருக்கிறது. "ஜிம்முக்குப் போறேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. நல்ல உடற்கட்டு உள்ளவர்களையும் உயர நோய் தாக்கும்.

கூட்டிட்டுப் போறவங்க யாரு?

சாமான்களை ஸ்லெட்ஜ் எனப்படும் சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு முன்னால் போகிறவர்களில் பலர் ஜான்ஸ்கர் இளைஞர்கள். குச்சியால் ஐஸைத் தட்டிப் பார்ப்பார்கள். கனமான சத்தம் வந்தால் காலை வைக்கலாம். பொள்ளலான சத்தம் வந்தால் வேறு பக்கம் பார்க்க வேண்டும். காலைத் தூக்கி வைக்காமல், பென்குயின் மாதிரி தேய்த்துத் தேய்த்து நடக்கக் கற்றுக்கொடுப்பவர்களும் அவர்கள்தான். அப்பா, தாத்தாவோடு நடந்து பழகியதில் வந்த அறிவு இது. எந்த செயலியிலும் கிடைக்காது.

அவர்களின் முக்கிய உணவு 'சம்பா'. நம்ம ஊர் சம்பா அரிசி என்று நினைத்துவிடாதீர்கள். வறுத்து அரைத்த பார்லி மாவு அது, ஏறக்குறைய நம்ம சத்துமாவு மாதிரி. உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த டீயில் குழைத்துச் சாப்பிடுவார்கள். சமைக்க நேரமும் விறகும் இல்லாத இடத்தில், கொழுப்பும் மாவும் கலந்த இந்தச் சாப்பாடுதான் உடம்பில் சூட்டைத் தக்கவைக்கும். எதிரே வருபவரைப் பார்த்தால் 'ஜூலே' என்பார்கள். வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தைதான்.

விவசாயம் இல்லாத குளிர்காலத்தில் இந்த வேலை அவர்களுக்குப் பெரிய வருமானம். அதே சமயம், பயணிகள் விட்டுப்போகும் பிளாஸ்டிக்கும் கழிவும் வசந்தத்தில் ஐஸ் உருகும்போது நேராக ஆற்றில்தான் கலக்கும். அந்த ஆறு சிந்துவில் கலக்கும்.

சாலை வந்தால் சாதர் என்ன ஆகும்?

நிம்முவில் இருந்து பதும் வழியாக இமாச்சலப் பிரதேசத்தின் தார்ச்சா வரை 298 கி.மீ. நீளச் சாலையை எல்லைச் சாலைகள் அமைப்பு இணைத்துவிட்டதாக 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. வழியில் உள்ள ஷிங்கு லா கணவாய்க்கு அடியில், சுமார் 15,800 அடி உயரத்தில், 4.1 கி.மீ. நீளச் சுரங்கப்பாதைக்கான பணியை 2024 ஜூலையில் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். அது முடிந்தால் எல்லாப் பருவத்திலும் லடாக் போய்வர ஒரு வழி கிடைக்கும். ராணுவத்துக்கும் இது முக்கியமான பாதை.

இந்தச் சாலை ஆற்றை ஒட்டியே போகிறது. சாலை நீள நீள, ஐஸ் மேல் நடக்கும் தூரம் சுருங்கிக்கொண்டே வருகிறது. முன்பு சில்லிங் கிராமத்தில் தொடங்கிய நடை, இப்போது அதையும் தாண்டி உள்ளே தொடங்குகிறது. "அய்யோ, அழகான பாதை போச்சே" என்று வெளியூர்ப் பயணிகள் வருத்தப்படுவது இதற்காகத்தான்.

ஜான்ஸ்கர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. பிரசவ வலி வந்த பெண்ணை ஜனவரியில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூடம் போக ஒரு பிள்ளை உறைந்த ஆற்றில் பல நாள் நடக்க வேண்டும். இந்த நிலை மாற வேண்டும் என்று அங்கே இருப்பவர்கள் கேட்பதில் என்ன தவறு? நாம் ஒரு வாரம் அனுபவித்துவிட்டுத் திரும்புகிற கஷ்டத்தை, அவர்கள் ஒவ்வொரு குளிர்காலமும் சுமக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. சாலை வந்தால் ட்ரெக்கிங் வருமானம் குறையலாம் என்ற கவலையும் நியாயமானதுதான். எது வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள்.

போக முடிவு பண்ணிட்டீங்களா? இதைக் கவனிங்க

* பொதுவாக ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி நடு வரைதான் சீசன். அதுவும் ஐஸின் நிலையைப் பார்த்து நிர்வாகம் அனுமதித்தால்தான். டிக்கெட் போடும்போதே கூடுதலாக சில நாட்களை ஒதுக்கி வையுங்கள்.
* லே போன முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. ஊர் சுற்றல் வேண்டாம். இதயம், நுரையீரல் பிரச்னை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உயர நோய்க்கான மாத்திரையையும் மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள்.
* பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது அதற்கான ட்ரெக்கிங் உடைகளை அடுக்கடுக்காகப் போடுங்கள். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்றுங்கள்.
* "குளிருக்கு ஒரு பெக்" வேண்டவே வேண்டாம். மது குடித்தால் சூடாக இருப்பது போலத் தோன்றும். உண்மையில் தோலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்ந்து, உடம்பின் சூடு வேகமாக வெளியேறும்.
* வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். ஆற்று இடுக்கில் அதையும் நம்ப முடியாது. அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம்.
* குப்பை எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வாருங்கள். ஆற்றின் மேலோ கரையிலோ கழிவைப் போடாதீர்கள்.
* ஏஜென்சியிடம் தொகையை மட்டும் கேட்காதீர்கள். சுமைதூக்குபவர்களுக்குக் காப்பீடு உண்டா, நல்ல காலணியும் படுக்கைப் பையும் தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. வழிகாட்டி குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாம்" என்றால், அதற்கு மேல் பேச்சே கிடையாது. இவ்வளவு செலவு பண்ணி வந்திருக்கோமே என்று அவரை வற்புறுத்தாதீர்கள். நீங்கள் பிடிவாதம் பிடித்தால் அந்த ஐஸ் மேல் முதல் காலை வைக்கப் போவது அவர்தான்.